மயிலம் அடிவாரத்திலிருந்து மாத்தூர் வரை

தை மாத முகூர்த்த நாளில் மயிலம் மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் பிடிப்பது, பந்தியில் முதல் வரிசை பிடிப்பதைவிடப் பெரிய பாடு. முருகன் சன்னிதியில் தாலி கட்டிவிட்டால் போதும், சாப்பாட்டை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று செஞ்சி, விழுப்புரம், புதுச்சேரிப் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். மேலே நாதஸ்வரம் கேட்கிறது. கீழே டிரைவர்கள் கதவைத் திறந்துபோட்டு, சீட்டைச் சாய்த்து, போனில் படம் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். புது வண்டிக்குப் பூஜை போட வந்தவர்கள் ஒரு ஓரம். சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சை ஒன்று 8 ரூபாய். சாமந்தி மாலைக்கு 150 கேட்டார்கள், பேரம் பேசினால் 120.

எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். ஹூண்டாய், ரெனோ, டொயோட்டா, கியா. மாருதிக்குப் பின்னாலும் ஒரு சுசுகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே ஓர் எகோஸ்போர்ட், ஃபோர்டு கம்பெனி வண்டி. மாலை போட்டுப் பளபளவென்று நின்ற ஒரு ஹூண்டாயின் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“கொரியா வண்டிண்ணா. இன்ஜின் அப்படியே அங்கேர்ந்து வருது. இங்க மூடி போட்டு விக்கிறான், அவ்ளோதான்.”

சொன்னதை நம்புவானேன், வண்டியிலேயே எழுதியிருக்குமே என்று ஆர்.சி.யைக் காட்டச் சொன்னேன். சேசிஸ் நம்பர், எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. முதல் மூன்று எழுத்து எம்.ஏ.எல். இந்தப் பதினேழும் உலகம் முழுக்க ஒரே கணக்கில் போடப்படுபவை. முதலில் வருவது எந்த நாட்டில் செய்த வண்டி, யார் செய்தது என்பதுதான். கொரியாவில் செய்திருந்தால் ‘கே’யில் தொடங்கும். ‘எம்’முக்குப் பின்னால் ‘ஏ’யிலிருந்து ‘ஈ’ வரை ஓர் எழுத்து வந்தால் இந்தியா. எம்.ஏ.எல். என்பது ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி. பக்கத்தில் நின்ற எகோஸ்போர்ட்டின் ஆர்.சி.யில் எம்.ஏ.ஜே. ரெனோ க்விட்டில் எம்.இ.இ. டொயோட்டா இன்னோவாவில் எம்.பி.ஜே., அது பெங்களூரு பக்கம் பிடதி. அதை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் பிறந்த இடம் இந்த அடிவாரத்திலிருந்து கிட்டத்தட்ட நூற்றிருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

“அப்போ இன்ஜினும் இங்கதானா?” என்றார் டிரைவர். ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் இன்ஜினும் செய்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நேரில் பார்த்தவனில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியது அப்படித்தான்.

தொழிற்சாலைக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும். ரோட்டில் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் நம்முடையது.

மயிலத்திலிருந்து கூட்டேரிப்பட்டு நாலைந்து கிலோமீட்டர். அங்கேதான் திருச்சி ஹைவே. சர்வீஸ் ரோட்டில், ஒரு தாபா வாசலில், கார் ஏற்றிப் போகும் நீளமான ட்ரெய்லர் ஒன்று நின்றது. பக்கமெல்லாம் தகரம் அடைத்த கூண்டு. தகரத்துக்கு நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. கார்களின் மூக்கில் வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. சக்கரங்களை நைலான் பெல்ட் போட்டுத் தரையோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு பார்கோடு சீட்டு. டிரைவர் ஹரியானாக்காரர். என் இந்திக்கும் அவர் தமிழுக்கும் நடுவில் மதுரை என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றிய வண்டியை மதுரைக்குக் கொண்டுபோக ஹரியானாவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

மறுநாள் விடியுமுன் திண்டிவனத்தில் நின்றேன். பனி இறங்கி ரோடு ஈரமாக இருந்தது. டீ 12 ரூபாய். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆளை அள்ளிக்கொண்டு போயின. முன் கண்ணாடியில் கம்பெனி பெயரும் ரூட் நம்பரும் இருக்கும். ஏறுகிறவர்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. பெண்களும் இருக்கிறார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் ஒரு சின்ன டிபன் பை. முந்தின நாள் ஒரு பெரியவர், “கார் கம்பெனில நம்ம புள்ளைங்களுக்கு எங்க சார் வேல? எல்லாம் இந்திக்காரன்தான்” என்று அடித்துச் சொல்லியிருந்தார். இந்த பஸ்களில் ஏறியவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் திண்டிவனம், ஒலக்கூர், மயிலம் தமிழ்தான்.

ஒரு பையனைக் கேட்டேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று.

“ரெண்டு மணி நேரம்ணா. ஏறுன ஒடனே தூங்கிடுவோம், தெரியாது.”

“கார் செய்யற கம்பெனியா?”

“கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் குடுக்கற கம்பெனிண்ணா.” கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். “இது மஞ்சள். ட்ரெய்னி. ப்ளூ போட்டிருந்தா பர்மனென்ட்.”

அந்த பஸ்ஸில் நீலக் கயிறு கட்டிய ஆள் யாராவது இருக்கிறாரா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஜன்னலில் தலை சாய்த்து ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்திலும் சிப்காட் தொழிற்பேட்டை வந்திருக்கிறது, உணவுப் பூங்கா இருக்கிறது. கார் கம்பெனி கிடையாது. அதனால் இந்தக் காலை ஓட்டம் நிற்பதாகத் தெரியவில்லை. நான் அரசு பஸ் பிடித்தேன். அச்சிறுபாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம் என்று போகும்போது இரண்டு பக்கமும் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பாலாறு தாண்டினால் செங்கல்பட்டு. அதற்கப்புறம் வயல் குறைந்து காம்பவுண்டு சுவர் ஆரம்பிக்கிறது.

பரனூரில் மகேந்திரா வேர்ல்டு சிட்டி. பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இதற்குள்தான். 2007 மார்ச்சிலிருந்து இங்கே கார் கோர்க்கிறார்கள். செய்கிறார்கள் என்பதைவிடக் கோர்க்கிறார்கள் என்பதுதான் சரி. முழுக் காராகக் கப்பலில் வந்தால் தலைசுற்றும் சுங்க வரி. பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து இங்கே பூட்டினால் வரி அதில் ஒரு பங்குதான். ஜெர்மனிக் கம்பெனி செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் கூரை போட்டதற்கு இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம். மர நிழல் ரோடு, வெட்டிவிட்ட புல், சத்தமே இல்லை. கார் செய்யும் இடம் என்று சொன்னால்தான் தெரியும். அதிக நேரம் நிற்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி மறைமலை நகர் போகும் வழியில் ஃபோர்டு. இதைப் பார்க்கத்தான் நான் அதிகம் ஆசைப்பட்டேன். 1995-இல் மகேந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்த கம்பெனி. 1999-இல் இங்கிருந்து ஐகான் வெளியே வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்குப் புதுசாக ஓடிய அந்தக் காரைத் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு. பிறகு ஃபிகோ, எகோஸ்போர்ட். எகோஸ்போர்ட் இங்கிருந்து அமெரிக்காவுக்கே போனது. அமெரிக்கக் கம்பெனி அமெரிக்காவில் விற்ற காரைச் செய்தது செங்கல்பட்டு மாவட்டம். அதன் சேசிஸ் நம்பரும் எம்.ஏ.ஜே. என்றுதான் தொடங்கியது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் இந்தத் தொழிற்சாலையில் கடைசி கார் செய்து முடித்தார்கள்.

சுவரை ஒட்டியே நடந்தேன். முடிகிற வழியாக இல்லை. உள்ளே உயரமான சாம்பல் நிறக் கூரைகள். சுவரோர மரங்கள் நன்றாக வளர்ந்து கிளை வெளியே தொங்குகிறது. இலை உதிர்ந்து நடைபாதையில் கிடக்கிறது. கேட்டுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு தண்ணீர் லாரி உள்ளே போனது. இரண்டு பைக் வெளியே வந்தன. வெகுநேரம் கழித்து ஒரு வேன். மாசத்துக்கு ஆயிரக்கணக்கில் கார் வெளியே வந்த கேட்டில் அன்று காலை நான் பார்த்த போக்குவரத்து இவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் உற்சாகமாக இருந்தார். “ஃபோர்டு வந்தாச்சு சார்! பேப்பர்லயே போட்டாங்களே.”

பேப்பரில் போட்டது உண்மை. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக இந்த இடத்தை மறுபடி பயன்படுத்தப் போவதாகத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம். 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், 2029-இல் உற்பத்தி தொடங்கும், 600 பேருக்கு மேல் வேலை. டீக்கடைக்காரர் சொன்னதில் விட்டுப்போனவை இரண்டு. வரப்போவது கார் இல்லை, இன்ஜின். வருவது இந்த வருஷம் இல்லை. மூடும்போது இங்கே வேலையில் இருந்தவர்கள் சுமார் 2,600 பேர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவர் கடையைப் பார்த்தால் ஊர் செத்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ‘ஃபோர்டு போனதும் மறைமலை நகர் முடிந்தது’ என்று நானே பலர் வாயால் கேட்டிருக்கிறேன். பதினோரு மணிக்கு அந்தக் கடையில் சமோசா தீர்ந்துவிட்டது. வேறு வேறு கம்பெனிச் சட்டை போட்டவர்கள் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். ஒரு சட்டைப் பையில் தையல் போட்ட பெயர், முன்பு ஃபோர்டுக்குப் பாகம் கொடுத்த ஒரு சின்னக் கம்பெனியுடையது. இப்போது யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்றேன். “ஒரகடத்துக்கு, ஸ்ரீபெரும்புதூருக்கு. கொஞ்சம் டூவீலருக்கு. ஆர்டர் மாறுது சார், டையை மாத்திப் போட்டா மெஷின் ஓடும்.” பெரிய கேட் மூடினாலும் சின்ன கேட்கள் ஆள் மாற்றிப் பிழைத்துக்கொள்கின்றன. எல்லாச் சின்ன கேட்களும் பிழைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். அவருடைய அண்ணன் வேலை பார்த்த இடம் இப்போது குடோன்.

மூடுவதும் இந்த ரோட்டுக்குப் புதுசில்லை. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் வண்டலூர். அந்தப் பக்கம்தான் ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கூட்டில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு கார் செய்தது. 1980-களின் கடைசியில் உற்பத்தி நின்றது. இன்று பஸ்ஸில் போகிறவர்களில் அறுபது வயது தாண்டியவர்களுக்குத்தான் அந்த இடம் அடையாளம் தெரியும்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பி ஷேர் ஆட்டோ ஏறினேன். ஒரகடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், 40 ரூபாய். என்னோடு ஆறு பேர். நாலு பேர் ஒடியா பேசினார்கள். முந்தின நாள் அந்தப் பெரியவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் மேம்பாலம். அதற்குக் கீழே நிற்கிற ஈ.பி. கம்பம் ஒவ்வொன்றும் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம். ஒரு நோட்டீஸை அப்படியே படித்தேன்: ஆண், பெண் இருபாலரும், வயது 18 முதல் 28, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ, பிளஸ் டூ ஃபெயில் ஆனவர்களும் வரலாம், கைக்கு 16,500, பஸ்ஸும் சாப்பாடும் இலவசம், ஓ.டி. உண்டு. கம்பெனி பெயர் இல்லை, போன் நம்பர் மட்டும். அதன்மேல் பாதி மறைத்து ஒட்டிய இன்னொரு நோட்டீஸ் இந்தியில். அதற்கும் மேலே, ‘ஆண்களுக்கு மட்டும், பெட் 1,800, வைஃபை உண்டு’. நிரந்தர வேலை என்ற சொல்லை ஏழெட்டுக் கம்பங்களில் தேடினேன். ஒன்றில்கூட இல்லை.

இங்கிருந்து மாத்தூர் பக்கம் நடந்தேன். ஒரகடம் என்று ஊர் பேசினாலும், ரெனோ நிசானுக்கும் டெய்ம்லருக்கும் தபால் வருவது மாத்தூர் போஸ்டுக்குத்தான். ஆறு வழி ரோடு, நடுவில் அரளி. நடக்கிறவர்களுக்கு என்று எதுவும் இல்லை. கன்டெய்னர் ஒன்று கடந்தால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு திரும்புகிறது. டெய்ம்லரின் சுவர் தொடங்கி முடிவதற்குள் தாகம் எடுத்துவிட்டது. 400 ஏக்கர். 2012 ஏப்ரலில் திறந்தது. இங்கே செய்கிற லாரிக்கு ஜெர்மன் பெயரை அப்படியே வைக்காமல் பாரத்பென்ஸ் என்று வைத்தார்கள். அந்த லாரிகள் சில நிரந்தர நம்பர் இல்லாமல், சிவப்பு எழுத்துத் தற்காலிக நம்பரோடு, வெறும் சேசிஸாக, கேபின் மட்டும் வைத்துப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் முகத்தில் துண்டு சுற்றியிருந்தார்.

ரெனோ நிசான் தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறந்தது. பிரான்சும் ஜப்பானும் சேர்ந்து 4,500 கோடி போட்டு, வருஷத்துக்கு 4,00,000 வண்டி செய்யும் அளவுக்குக் கட்டியது. முதலில் நிசான் மைக்ரா, பிறகு டாட்சன், க்விட், மேக்னைட். பெரும்பங்கு நிசானிடம் இருந்தது, 51 சதவீதம். 2025-இல் அந்தப் பங்கை ரெனோ வாங்கிக்கொண்டது. இப்போது முழுக்க பிரெஞ்சுக் கம்பெனி. நிசான் காரும் அங்கேதான் தொடர்ந்து செய்கிறார்கள், இனி ரெனோவிடம் செய்து வாங்கிக்கொள்ளும் கணக்கில்.

பாரிஸிலும் யோகோஹாமாவிலும் கையெழுத்துப் போட்டது இங்கே எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் காத்திருந்தேன். பஸ்கள் வரிசையாக வந்தன. அதே பஸ்கள், அதே ரூட். சாம்பல் சட்டை போட்டவர்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வாசலில் வேர்க்கடலை வண்டிக்காரர், பொட்டலம் 10 ரூபாய். கம்பெனி கைமாறியது தெரியுமா என்றேன். “எந்தக் கம்பெனி? நம்ம எதிர்ல இருக்கறதா? அது எப்பவும் நிசான்தான்.” பஸ் ஏறப் போன ஒருவர் மட்டும் நின்று பேசினார். “போர்டு மாறும், போனஸ் மாறாம இருந்தா சரி” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இது இந்த ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஃபோர்டின் குஜராத் தொழிற்சாலை இன்று டாட்டாவிடம். ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன மகாராஷ்டிரத் தொழிற்சாலையில் இப்போது ஹூண்டாய். அதே ஜெனரல் மோட்டார்ஸ் குஜராத்தில் விட்டதில் எம்.ஜி. இடமும் கூரையும் கன்வேயரும் கிடந்த இடத்தில் கிடக்கின்றன. வாசலில் கொடிகள்தான் மாறுகின்றன. மயிலத்தில் அந்த எகோஸ்போர்ட்டின் ஆர்.சி.யில் பார்த்த எம்.ஏ.ஜே., தொழிற்சாலை நின்றபிறகும் வண்டி ஓடும்வரை மாறாது. அதனால்தான் எனக்கு வாசல் பலகையைவிட அந்தப் பதினேழு எழுத்தின் மேல் நம்பிக்கை அதிகம்.

ஒரகடத்திலிருந்து வடக்கே ஸ்ரீபெரும்புதூர். வழியில் வல்லக்கோட்டை முருகன். அங்கேயும் பூஜைக்கு வண்டிகள் நின்றன, மயிலம் அளவுக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் கண்ணில் பட்டது கொரிய எழுத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகை, கீழே சின்னதாகத் தமிழ். அதற்கு இரண்டு கடை தள்ளி மெஸ், சாப்பாடு 90.

பெங்களூர் ஹைவேயில் சென்னைப் பக்கமாக ஏழெட்டுக் கிலோமீட்டரில் இருங்காட்டுக்கோட்டை. ரோட்டுக்கு ஒரு பக்கம் கார் ரேஸ் ஓடும் டிராக், 1990-இல் திறந்தது. சிப்காட்டுக்குள் ஹூண்டாய். கம்பெனி பதிவானது 1996 மே. முதல் சான்ட்ரோ 1998 செப்டம்பரில். வெறும் நிலத்தில் தொடங்கி இரண்டரை வருஷத்துக்குள் கார் வெளியே வந்துவிட்டது. 2008-இல் பக்கத்திலேயே இரண்டாவது தொழிற்சாலை. இரண்டும் சேர்ந்தால் வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் கொள்ளும்.

இங்கே நான் மெயின் கேட்டில் நிற்கவில்லை. அங்கே பார்க்க எதுவும் இல்லை, செடிதான். சரக்கு உள்ளே போகும் பக்கத்துக்குப் போனேன். ரோட்டோரம் ஒரு புங்க மரம், அதன் கீழ் இளநீர்க்காரர், ஒன்று 50. மூணாவது வழுக்கை சீவும்வரை அங்கேயே நின்றேன்.

லாரி வந்துகொண்டே இருந்தது. பெரிய லாரி இல்லை. பக்கத்திலிருந்து வருகிற, பின்பக்கம் திரை போட்ட நடுத்தர லாரிகள். ஒன்றின் திரை காற்றில் தூக்கியபோது உள்ளே சீட்டுகள், ஒவ்வொன்றும் பாலித்தீன் சுற்றி, பல் வரிசையாக அல்ல, முன்சீட்டு பின்சீட்டு என்று கலந்து அடுக்கியிருந்தது. ஏன் கலந்து என்று யோசிக்கும்போதே அடுத்தது. இரும்பு ஸ்டாண்டில் பம்பர்கள். ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை, ஒரு நீலம், மறுபடி வெள்ளை. இளநீர்க்காரருக்கு இதெல்லாம் பழக்கம். “உள்ள லைன்ல எந்தக் கலர் வண்டி வருதோ அந்த வரிசைல அடுக்கி அனுப்புவாங்க. மாறிப்போச்சுன்னா லைனே நின்னுடும். லைன் நின்னா நிமிஷத்துக்கு ஃபைன்னு பசங்க சொல்லுவாங்க.” ஃபைன் எவ்வளவு, யாருக்கு என்பதெல்லாம் அவர் கேட்டது, நான் பார்க்காதது. வண்ண வரிசை நான் பார்த்தது. உள்ளே போன லாரி கொஞ்ச நேரத்தில் காலி ஸ்டாண்டோடு கடகடவென்று வெளியே வந்தது. காலி ஸ்டாண்டு போடுகிற சத்தம் பேசவிடாது.

கார் கம்பெனி என்பது அந்தச் சுவருக்குள் இருப்பது மட்டுமில்லை என்று அங்கே நின்றால்தான் புரிகிறது. சீட்டு செய்கிற ஊர், பம்பர் வார்க்கிற ஊர், வயர் கட்டுகிற ஊர் எல்லாம் இந்த லாரி அரை மணி நேரத்தில் ஓடிவரும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கொரியக் கம்பெனி வந்தபோது அதற்குப் பாகம் கொடுக்கும் கொரியக் கம்பெனிகளும் கூடவே வந்தது இதனால்தான். திண்டிவனத்து மஞ்சள் கயிற்றுப் பையன் வேலை செய்வதும் இப்படி ஒரு லாரியை நிரப்புகிற இடத்தில்தான்.

மதியத்துக்குமேல், கார் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று துறைமுகம் போகும் திசையில் திரும்பியது. இதற்குத் தகரம் இல்லை, திறந்த தட்டு. சிக்னலில் நின்றபோது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மேல்தட்டுக் காரில் ஸ்டீயரிங் இடது பக்கம். அடுத்ததிலும் இடது. இந்த ஊரில் ஒருவரும் ஓட்டப்போகாத கார். வலதுபக்கம் ஓட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் வாங்கி, ஆர்.சி. மாதிரி அங்கே எது உண்டோ அதில் பார்த்தால், எம்.ஏ.எல். என்றுதான் இருக்கும். அவருக்கும் அது கொரியா வண்டிதான்.

திரும்புவதற்கு வாலாஜாபாத் வழியைப் பிடித்தேன். செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதையில் அந்த ஸ்டேஷன். இங்கே கார்களை ரயிலில் ஏற்றுகிறார்கள். பிளாட்பாரத்திலிருந்தே தெரிகிறது. சரக்குப் பக்கத்தில் சிமென்ட் மைதானம், அதில் நெருக்கமாகப் புதுக் கார்கள், பெரும்பாலும் வெள்ளை. நிற்கிற ரயில் பெட்டிகளை முதலில் பார்த்தால் பயணிகள் ரயில் என்றே தோன்றும். பழைய பயணிகள் பெட்டிகள்தான் அவை. ஜன்னலைத் தகடு வைத்து அடைத்து, உள்ளே சீட்டைப் பிடுங்கி, இரண்டு முனையிலும் அகலக் கதவு வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் சாய்வுப் பாதை போட்டு ஏற்றினால், கார் ஒரு பெட்டிக்குள் நுழைந்து அடுத்த பெட்டிக்குள் போய், ரயிலுக்குள்ளேயே ஓடி, தன் இடத்தில் போய் நிற்கிறது.

ஓட்டுகிறவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். காரை உள்ளே விட்டுவிட்டு, சுவருக்கும் காருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நடந்து வெளியே வருகிறார்கள், அடுத்த காரில் ஏறுகிறார்கள். கதவை முழுதாகத் திறக்க இடமில்லை. ஒரு சாணுக்குத் திறந்து, வயிற்றை எக்கி வெளியே வர வேண்டும். பெல்ட்டில் பக்கிள் இருந்தால் பெயின்ட்டில் கோடு விழும் என்று எல்லோரும் டீ ஷர்ட்டை வெளியே விட்டிருந்தார்கள். வேலிக்கு அருகே தண்ணீர் குடிக்க வந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

“எங்க போகுது தம்பி இதெல்லாம்?”

“டெல்லிப் பக்கம்னு சொல்றாங்கண்ணா. பேப்பர்ல இருக்கும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை கார் ஓட்டுவீங்க?”

“எண்ணுறதில்லண்ணா. ஒரு காரு ஐம்பது, அறுபது மீட்டர். அதுக்குள்ள மூணாவது கியர் எப்படி இருக்கும்னே தெரியாது.” வாயைத் துடைத்துக்கொண்டு போனவர், கார்க் கதவைத் திறந்து, மறுபடி என்னைப் பார்த்து, “கார் வாங்கறீங்களாண்ணா?” என்று கேட்டார். இல்லை, மயிலம் போக வேண்டும், செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்கு என்றேன். இன்னும் நாற்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.